ஆடித் தள்ளுபடி அன்று தளம் விழுந்துவிட்டது: அப்பாச்சியை விட்டுவிட்டு என்ஜின்எக்ஸுக்குப் போகலாமா?

நூல்கண்டு | 21 ஜூலை 2025, இரவு 9:40

வணக்கம். ஈரோட்டில் எங்கள் மாமாவின் ஜவுளிக் கடைக்கு ஒரு தளம் இருக்கிறது. போர்வை, ஜமுக்காளம், துண்டு, கொஞ்சம் காட்டன் சேலை என்று சுமார் 900 பொருட்கள். தளம் வேர்ட்பிரஸில், விற்பனைக்கு அதன் வூகாமர்ஸ் பிளக்இன், பக்கங்களை உலாவிக்கு அனுப்பும் வெப் சர்வர் அப்பாச்சி. மும்பையில் ஒரு விபிஎஸ் (வாடகைக்கு எடுத்த மெய்நிகர் சர்வர்), 2 கோர், 4 ஜிபி ரேம். நான்கு வருடத்துக்கு முன்னால் ஒருவர் அமைத்துக் கொடுத்தார். அவர் இப்போது இந்தத் தொழிலிலேயே இல்லை. நான் பி.காம். கொஞ்சம் கணினி தெரியும் என்பதால் என் தலையில் விழுந்த வேலை இது.

நேற்று காலை 10 மணிக்கு 6,000 வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஆடித் தள்ளுபடிச் செய்தி போனது. 10:04க்குத் தளம் செத்துவிட்டது. எஸ்எஸ்எச் வழியாகக்கூட உள்ளே போக முடியவில்லை. ரீபூட் செய்தால் மூன்று நிமிடம் உயிரோடு இருக்கும், அப்புறம் மறுபடி போய்விடும். மதியம் 2 மணிக்குத் தானாக அடங்கியது. அதற்குள் மாமாவிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுத முடியாது.

ஹோஸ்டிங் ஆட்கள் 16 ஜிபி திட்டத்துக்கு மாறச் சொல்கிறார்கள். நண்பன் ஒருவன் "அப்பாச்சி அந்தக் காலத்துச் சரக்கு, என்ஜின்எக்ஸ் என்கிற வேறு வெப் சர்வரைப் போடு" என்கிறான். ஆகஸ்ட் 3 ஆடிப்பெருக்குக்கு இன்னொரு தள்ளுபடி இருக்கிறது. என்ன செய்யலாம்?

வேகராஜா | 21 ஜூலை, இரவு 9:52

என்ஜின்எக்ஸ் போடுங்க. பிரச்சினை முடிந்தது.

ராத்திரிக்காவல் | 21 ஜூலை, இரவு 10:31

வேகராஜா, நோயாளியைப் பார்க்காமலே மருந்துச் சீட்டா?

தம்பி, எதையும் மாற்றுவதற்கு முன்னால் நான்கு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

1. அப்பாச்சி எந்த எம்பிஎம்மில், அதாவது கோரிக்கைகளைப் பங்கிடும் எந்த முறையில், ஓடுகிறது? பிரீஃபோர்க்கா (இணைப்புக்கு ஒரு புராசஸ், அதாவது ஓடும் நிரலின் தனிப் பிரதி), ஈவென்ட்டா?
2. மேக்ஸ்ரிக்வெஸ்ட்வொர்க்கர்ஸ் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய புராசஸ்களின் வரம்பு) எவ்வளவு?
3. தளம் அமைதியாக இருக்கும்போது ஒரு அப்பாச்சி புராசஸ் எவ்வளவு ரேம் எடுக்கிறது?
4. நேற்று காலை 10 மணியை ஒட்டி அப்பாச்சியின் எரர் லாக்கிலும் (பிழைப் பதிவேடு) கெர்னல் லாக்கிலும் (இயங்குதள மையத்தின் பதிவேடு) என்ன இருக்கிறது? "அவுட் ஆஃப் மெமரி" என்று ஏதாவது?

உபுண்டு (சர்வரின் லினக்ஸ் இயங்குதளம்) எந்தப் பதிப்பு, பிஎச்பி (வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழி) எந்தப் பதிப்பு என்பதையும் சேர்த்துப் போடுங்கள். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.

நூல்கண்டு | 22 ஜூலை, காலை 7:15

நன்றி அண்ணா. பார்த்தேன்.

பிரீஃபோர்க். வரம்பு 150. புராசஸ் ஒன்று 70 முதல் 90 எம்பி. எரர் லாக்கில் 10:02க்கு "மேக்ஸ்ரிக்வெஸ்ட்வொர்க்கர்ஸ் வரம்பைத் தொட்டாயிற்று, அதை உயர்த்துவது பற்றி யோசிக்கவும்" என்ற மாதிரி ஒரு வரி. கெர்னல் லாக்கில் அவுட் ஆஃப் மெமரி இருக்கிறது, கொல்லப்பட்டது மைஎஸ்கியூஎல், அதாவது டேட்டாபேஸ். உபுண்டு 20.04, பிஎச்பி 7.4.

அந்த வரி சொல்வதுபோல 150ஐ 300 ஆக்கட்டுமா?

ராத்திரிக்காவல் | 22 ஜூலை, காலை 7:48

ஐயோ, தொடாதீர்கள்! அந்த வரியை நம்பி வீணாய்ப்போன சர்வர்கள் நிறைய.

கணக்கைப் பாருங்கள். 150 புராசஸ், ஒவ்வொன்றும் 80 எம்பி. 12,000 எம்பி. உங்களிடம் இருப்பது 4,000. அதிலும் மைஎஸ்கியூஎல்லுக்கு ஒரு ஜிபி, மற்றதற்கெல்லாம் அரை ஜிபி போய்விடும். கூட்டம் வராத நாளில் பத்துப் பதினைந்து புராசஸோடு ஓடுகிறது, யாருக்கும் தெரியாது. கூட்டம் வந்ததும் அப்பாச்சி உங்கள் அனுமதியோடு 150 வரை பெற்றுப் போடுகிறது. ரேம் தீர்ந்ததும் கெர்னல் யாரையாவது கொன்றாக வேண்டும். அதிகம் தின்கிற பெரிய ஆளைப் பார்த்துக் கொல்கிறது. அது மைஎஸ்கியூஎல். இதுதான் உங்கள் 10:04.

150 பேர் ஒரே நேரத்தில் வந்துவிட்டார்களா என்றால் அதுவும் இல்லை. பிரீஃபோர்க்கில் எச்டிடிபி/2 (ஒரே இணைப்பில் பல ஃபைல்களை அனுப்பும் முறை) வேலை செய்யாது. அப்பாச்சி 2.4.27இலிருந்தே அப்படித்தான். அதனால் உலாவி பழைய பாணியில் ஒரு தளத்துக்கு ஆறு இணைப்பு வரை திறக்கும். போர்வைப் படங்கள் நிறைந்த பக்கத்தை ஒருவர் திறந்தால் ஆறு புராசஸ் அவருக்கே போய்விடலாம். 25 பேர் சேர்ந்தால் 150.

இந்த ஆறு புராசஸும் என்ன செய்கின்றன? பெரும்பாலும் படம் எடுத்துக் கொடுக்கின்றன. ஆனால் மாட்பிஎச்பி (அப்பாச்சிக்குள்ளேயே பிஎச்பியை ஓட்டும் மாட்யூல்) போட்டிருப்பதால் ஒவ்வொன்றும் வயிற்றில் முழு பிஎச்பியைச் சுமந்துகொண்டுதான் படம் கொடுக்கிறது. தோசை மாஸ்டரையே மேசைக்கு மேசை தண்ணீர் வைக்க அனுப்புகிற ஓட்டல் மாதிரி. தண்ணீர் வைக்க ஒரு பையன் போதும். மாஸ்டர் கல்லை விட்டு நகரக் கூடாது.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்றுதான். 150ஐ 25 ஆக்கி ரீலோட் செய்யுங்கள். கூட்டம் வந்தால் மிச்சப் பேர் வரிசையில் காத்திருப்பார்கள், தளம் மெதுவாகத் தெரியும், ஆனால் கடை இடிந்து தலையில் விழாது. இது முதலுதவி மட்டும்தான். வைத்தியம் அடுத்துச் செய்வோம்.

அரைஞாண் | 22 ஜூலை, காலை 8:20

சிறு திருத்தம். டாப் கட்டளையில் தெரிகிற ஆர்எஸ்எஸ் (புராசஸ் பிடித்திருக்கும் ரேம்) எண்ணை அப்படியே பெருக்கினால் கொஞ்சம் மிகைதான். அந்த 80இல் ஒரு பகுதி எல்லாப் புராசஸும் பொதுவில் பகிர்ந்துகொள்வது. பகிர்ந்ததை வகுத்துக் கணக்கிடும் பிஎஸ்எஸ் எண்ணைப் பார்த்தால் உண்மைக் கணக்கு கிடைக்கும். 150க்கு 12 ஜிபி வராமல் 8 ஜிபி என்று வரலாம்.

4 ஜிபியில் 8 ஜிபி அடங்குமா என்று கேட்காதீர்கள், அடங்காது. கணக்கு கணக்காக இருக்கட்டும் என்று சொன்னேன்.

வேகராஜா | 22 ஜூலை, காலை 9:05

நான் சொன்னதைத்தானே நீங்களும் சுற்றி வளைத்துச் சொல்கிறீர்கள்! தண்ணீர் வைக்கிற பையன்தான் என்ஜின்எக்ஸ். ஒரே சர்வர் 10,000 இணைப்பைத் தாங்க முடியுமா என்று 1999இல் டேன் கெகல் கிளப்பிய கேள்விக்குப் பதிலாகத்தான் அது வந்தது. ரஷ்யாவில் ராம்ப்ளர் நிறுவனத்தில் வேலை பார்த்த இகோர் சிசோயேவ் 2002இல் எழுத ஆரம்பித்து 2004இல் வெளியிட்டார். இணைப்புக்கு ஒரு புராசஸ் என்கிற கதையே அதில் இல்லை. கோருக்கு ஒரு வொர்க்கர், ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான இணைப்பைப் பார்த்துக்கொள்ளும்.

அப்பாச்சி 1995இல் என்சிஎஸ்ஏ சர்வர்மேல் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு எழுந்த கட்டடம். ஒட்டுப்போட்ட சட்டை எத்தனை நாள்?

ராத்திரிக்காவல் | 22 ஜூலை, காலை 9:37

ஒட்டுப்போட்ட சட்டையைப் பன்னிரண்டு வருடமாகக் குறை சொல்கிறீர்கள், ஆனால் 2012இல் வந்த 2.4ஐ ஒருமுறை போட்டுப் பாருங்கள். அதில் ஈவென்ட் எம்பிஎம் இருக்கிறது. சும்மா திறந்து கிடக்கும் இணைப்புகளை ஒரு த்ரெட் கவனித்துக்கொள்ளும், வேலை வந்தால்தான் வொர்க்கர். பிஎச்பியைத் தனியாக பிஎச்பி-எஃப்பிஎம் என்கிற சேவையில் ஓட விட்டால் அப்பாச்சியும் தண்ணீர்ப் பையன்தான். எச்டிடிபி/2வும் கிடைக்கும்.

என்ஜின்எக்ஸ் நல்ல சாமான். நானே பத்து இடத்தில் ஓட்டுகிறேன். ஆனால் இந்தத் தம்பியின் கேள்வி "எது வேகம்" என்பதல்ல. தளத்தைப் பார்த்துக்கொள்ள அவர் ஒருவர்தான், அதுவும் கடை வேலைக்கு நடுவில், ஆடிப்பெருக்குக்கு இருப்பது 12 நாள். டாட் எச்டிஅக்சஸ் (ஃபோல்டருக்குள் வைக்கும் அப்பாச்சி விதிகள் ஃபைல்) பற்றி இன்னும் யாரும் பேசவில்லை என்பதையும் கவனியுங்கள்.

மல்லிகைப்பந்தல் | 22 ஜூலை, பிற்பகல் 1:10

நான் பேசுகிறேன், அதில் சூடு பட்டவள்.

கோயம்புத்தூரில் சின்ன ஏஜென்சி நடத்துகிறேன், நாற்பது தளம் கையில். மூன்று வருடம் முன்பு ஒரு வாடிக்கையாளர் தளத்தை அப்பாச்சியிலிருந்து என்ஜின்எக்ஸுக்கு மாற்றினோம். பெர்மாலிங்க் (பக்க முகவரி) விதிகளை எழுதினோம், எல்லாப் பக்கமும் திறந்தது, ஒரே நாளில் வேலை முடிந்தது என்று பிரியாணி சாப்பிட்டோம். ஆறு வாரம் கழித்து ஆக்சஸ் லாக்கை வேறு எதற்கோ பார்த்தபோது, ஒரு முகவரியிலிருந்து பேக்அப் ஃபோல்டருக்குத் தொடர்ந்து கோரிக்கைகள். எல்லாவற்றுக்கும் 200. அதாவது ஃபைலைக் கொடுத்திருக்கிறோம்.

என்ன நடந்தது என்றால், பேக்அப் பிளக்இன் தன் ஃபோல்டருக்குள் "யாரையும் விடாதே" என்று ஒரு டாட் எச்டிஅக்சஸ் போட்டு வைத்திருந்தது. அப்பாச்சி அதைப் படித்து மதித்தது. என்ஜின்எக்ஸ் அந்த ஃபைலைப் படிக்கவே படிக்காது. எரரும் வராது, எச்சரிக்கையும் வராது. வாடிக்கையாளர் பெயர், முகவரி, போன் எண் எல்லாம் அந்த டேட்டாபேஸ் டம்பில் இருந்தன. எல்லாக் கடவுச்சொல்லையும் மாற்றி, வாடிக்கையாளரிடம் உண்மையைச் சொல்லி, ஒரு வருடப் பராமரிப்புக் கட்டணத்தை விட்டுக்கொடுத்து... அதை விடுங்கள்.

அதனால் தம்பி, மாறுவதாக இருந்தால் முதலில் சர்வர் முழுக்கத் தேடி எத்தனை டாட் எச்டிஅக்சஸ் இருக்கிறது என்று பட்டியல் போடுங்கள். ஒன்றுதான் இருக்கும் என்று நினைப்பீர்கள், பதினான்கு இருக்கும். ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று புரிந்த பிறகு என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்கில் எழுதுங்கள். அப்லோட்ஸ் ஃபோல்டருக்குள் பிஎச்பி ஓடக் கூடாது என்பதையும் நாமே எழுத வேண்டும்.

வேகராஜா | 22 ஜூலை, பிற்பகல் 1:32

அக்கா, இது என்ஜின்எக்ஸின் தப்பா? வெப் ரூட்டுக்குள் (வெளியுலகுக்குத் திறந்திருக்கும் ஃபோல்டர்) பேக்அப் வைத்தவனின் தப்பு.

மல்லிகைப்பந்தல் | 22 ஜூலை, பிற்பகல் 1:40

தப்பு எங்களுடையதுதான், மறுக்கவில்லை. அதைச் சொல்லத்தானே எழுதினேன்.

கொங்குதறி | 22 ஜூலை, மாலை 6:02

வேர்ட்பிரஸ் என்றால் லைட்ஸ்பீட் என்கிற வெப் சர்வரைப் பாருங்கள். டாட் எச்டிஅக்சஸை அப்படியே படிக்கும். அதன் எல்எஸ்கேஷ் பிளக்இன் (பக்கத்தை ஒருமுறை தயாரித்துச் சேமித்து வைக்கும் கேஷ்) வூகாமர்ஸோடு நன்றாகப் போகும். நான் ஷேர்டு ஹோஸ்டிங்கில் பார்த்து அசந்துபோனேன். நமக்குக் கான்ஃபிக் வேலையே இல்லை.

அரைஞாண் | 22 ஜூலை, மாலை 6:30

நல்ல யோசனைதான், ஆனால் முழு லைட்ஸ்பீடுக்கு உரிமக் கட்டணம் உண்டு. இலவசமான ஓப்பன்லைட்ஸ்பீட் அதே பெயரில் வந்தாலும் அதே ஆள் இல்லை. டாட் எச்டிஅக்சஸில் ரீரைட் (முகவரி மாற்று) விதிகளை மட்டும் எடுத்துக்கொள்ளும், தடை போடும் வரிகளை விட்டுவிடும். அக்கா சொன்ன கதை அங்கேயும் நடக்கும். விதியை மாற்றினால் ரீஸ்டார்ட்டும் கொடுக்க வேண்டும்.

செவ்வந்தி | 22 ஜூலை, இரவு 8:15

கேடி என்கிற வெப் சர்வரைப் பற்றி ஒருவர்கூடச் சொல்லவில்லையே. பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள், பெயர்தான் கேடி, ஆள் ரொம்ப ஒழுங்கு. 2015இல் மேட் ஹோல்ட் வெளியிட்டது, கோ மொழியில் எழுதியது. டொமைன் பெயரை எழுதி, பிஎச்பி-எஃப்பிஎம் எங்கே என்று காட்டி, ஃபைல் இருக்கும் இடத்தைச் சொன்னால் கான்ஃபிக் முடிந்தது. நான்கைந்து வரி. எச்டிடிபிஎஸ் பாதுகாப்புச் சான்றிதழைத் தானே வாங்கும், தானே புதுப்பிக்கும், நம்மைக் கேட்கவே கேட்காது.

இது சின்ன விஷயம் இல்லை. சான்றிதழின் ஆயுள் குறைந்துகொண்டே போகிறது. 2026 மார்ச் 15 முதல் அதிகபட்சம் 200 நாள், 2027 மார்ச்சில் 100 நாள், 2029 மார்ச்சில் 47 நாள் என்று சான்றிதழ் நிறுவனங்களும் உலாவி நிறுவனங்களும் சேர்ந்த மன்றம் இந்த ஏப்ரலில் முடிவு செய்துவிட்டது. வருடத்துக்கு ஒருமுறை பணம் கட்டிக் கையால் மாற்றுகிற காலம் போகப்போகிறது.

பாலக்கரை | 22 ஜூலை, இரவு 9:00

சான்றிதழ் என்றதும் ஞாபகம் வருகிறது. போன வருடம் தீபாவளிக்கு நான்கு நாள் முன்னால் எங்கள் கடைத் தளத்தில் "பாதுகாப்பானது அல்ல" என்று வந்துவிட்டது. லெட்ஸ் என்கிரிப்ட் (இலவசச் சான்றிதழ் தரும் அமைப்பு), செர்ட்பாட் (அதை வாங்கும் கருவி), தானியங்கிப் புதுப்பிப்பு எல்லாம் இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் சான்றிதழ் புதுசுதான், ஒரு மாதம் முன்பே வந்துவிட்டது! டிஸ்க்கில் புதுசு, சர்வரின் கையில் பழசு. தொடங்கும்போது படித்ததைத்தான் என்ஜின்எக்ஸ் வைத்திருக்கும், ரீலோட் செய்தால்தான் புதியதை எடுக்கும். அமைத்தவர் சான்றிதழ் மட்டும் வாங்கும் வழியில் செர்ட்பாட்டை ஓட்டியிருந்தார். புதுப்பித்த பிறகு ரீலோட் செய் என்று கொக்கி போடவில்லை. ஒரு வரி.

லெட்ஸ் என்கிரிப்ட் முன்பெல்லாம் "உங்கள் சான்றிதழ் காலாவதியாகப் போகிறது" என்று மெயில் அனுப்பும். இந்த ஜூன் 4 முதல் அதையும் நிறுத்திவிட்டார்கள். நாமே வெளியிலிருந்து கண்காணிக்க ஏதாவது வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நூல்கண்டு | 22 ஜூலை, இரவு 10:20

எல்லோருக்கும் நன்றி. 25 ஆக்கிவிட்டேன். படித்ததில் இரண்டு கேள்வி.

16 ஜிபி திட்டம் வாங்கினால் தீருமா தீராதா? மாமா "காசு போனால் போகட்டும்" என்கிற மனநிலையில் இருக்கிறார், நாளைக்கு மாறிவிடும்.

கேடி ஆசையாக இருக்கிறது. எடுக்கலாமா?

ராத்திரிக்காவல் | 22 ஜூலை, இரவு 11:05

16 ஜிபி வாங்கினால் மைஎஸ்கியூஎல் சாகாது, அது உண்மை. ஆனால் 150 பிஎச்பி புராசஸ் சில கோர்களுக்காக அடித்துக்கொள்ளும். தளம் விழாது, பக்கம் திறக்க அரை நிமிடம் ஆகும். வாடிக்கையாளருக்கு இரண்டும் ஒன்றுதான்.

கணக்கு ஒன்று போடுவோம். 6,000 பேரில் பத்தில் ஒருவர் உடனே தட்டினால் 600 பேர். நான்கு நிமிடத்தில் வந்தால் நொடிக்கு இரண்டரை பேர். ஆளுக்கு மூன்று நான்கு பக்கம் பார்த்தால் அந்த நேரத்தில் நொடிக்கு எட்டுப் பத்துப் பக்கம். வூகாமர்ஸ் பக்கம் ஒன்றைக் கேஷ் இல்லாமல் சமைக்க அரை நொடி சிபியு ஆகும் என்று வையுங்கள். இரண்டு கோரில் நொடிக்கு நான்கு பக்கம்தான். முன்னால் அப்பாச்சி நின்றாலும் என்ஜின்எக்ஸ் நின்றாலும் கேடி நின்றாலும் பின்னால் தோசை சுடுவது அதே பிஎச்பி. பக்கத்தைக் கேஷ் செய்யாமல் விடிவே இல்லை.

கேடி நல்லதுதான். ஆனால் நீங்கள் ஊரில் இல்லாத நாளில் தளம் நின்றால் ஈரோட்டில் யாரைக் கூப்பிடுவீர்கள்? அப்பாச்சி தெரிந்த ஒருவரை அரை மணியில் பிடித்துவிடலாம். முதலில் கடைக்கு வெளியே ஒரு சின்னத் தளத்தில் கேடியைப் பழகுங்கள்.

இன்னொன்று, நான் சந்தேகப்பட்டது. உபுண்டு 20.04க்கு வழக்கமான ஆதரவு இந்த மே மாதத்தோடு முடிந்துவிட்டது. பிஎச்பி 7.4ஐ அதன் குழு 2022 நவம்பரிலேயே கைவிட்டாயிற்று. இருக்கிற சர்வரில் ரிப்பேர் பார்க்காதீர்கள். 24.04இல் புதிதாக ஒரு விபிஎஸ் எடுத்து, அப்பாச்சி ஈவென்ட், பிஎச்பி-எஃப்பிஎம் 8.3 போட்டு, தளத்தின் நகலை அங்கே ஓட்டிப் பார்த்துவிட்டு டிஎன்எஸ்ஸை (டொமைன் பெயரைச் சர்வரோடு இணைக்கும் பதிவு) அதற்குத் திருப்புங்கள். பழையதை ஒரு வாரம் அப்படியே வைத்திருங்கள். மாட்பிஎச்பி பேக்கேஜை மட்டும் தவறியும் நிறுவாதீர்கள். நிறுவினால் சத்தமில்லாமல் பிரீஃபோர்க்குக்குத் திருப்பிவிடும்.

உங்கள் டாட் எச்டிஅக்சஸில் பிஎச்பி_வேல்யூ என்று தொடங்கும் வரி இருந்தால் எடுத்துவிடுங்கள். மாட்பிஎச்பி இல்லாத இடத்தில் அந்த ஒரு வரி தளம் முழுக்க 500 எரர் கொடுக்கும்.

மல்லிகைப்பந்தல் | 23 ஜூலை, காலை 6:50

கேஷ் போடும்போது கார்ட், செக்அவுட், என் கணக்கு மூன்று பக்கத்தையும் விலக்குங்கள். பையில் பொருள் போட்டவருக்கும் லாகின் செய்தவருக்கும் குக்கியைப் பார்த்து எல்லாப் பக்கத்தையும் விலக்க வேண்டும். கேஷ் பிளக்இன் போட்டால் இதெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். சர்வர் மட்டத்தில் நாமே எழுதினால்தான் ஆபத்து. ஒரு இடத்தில் இந்தக் குக்கி விதியை விட்டுவிட்டு, சேலத்து அம்மாவின் முகவரி மதுரைக்காரரின் செக்அவுட்டில் தெரிந்ததைப் பார்த்திருக்கிறேன். தளம் விழுந்தால் திட்டுவார்கள், அவ்வளவுதான். இது நடந்தால் வாயைத் திறக்க முடியாது.

காவிரிமணல் | 23 ஜூலை, காலை 11:25

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். எங்கள் அலுவலகத்தில் டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8இல் எழுதிய ஆர்டர் மென்பொருள். அதற்கு அப்பாச்சி ஆகுமா?

அரைஞாண் | 23 ஜூலை, காலை 11:40

ஆகாது, மைக்ரோசாப்ட்டின் ஐஐஎஸ் வெப் சர்வரிலேயே இருங்கள். புதிய டாட்நெட்டுக்கு மாற்றி எழுதினால் லினக்ஸில் அதன் சொந்த வெப் சர்வரான கெஸ்ட்ரலை ஓட்டி முன்னால் என்ஜின்எக்ஸ் வைக்கலாம். அது தனி இழை.

ராத்திரிக்காவல் | 23 ஜூலை, இரவு 9:30

நூல்கண்டு, எஃப்பிஎம்மில் மேக்ஸ் சில்ரன் (ஒரே நேரத்தில் ஓடும் பிஎச்பி புராசஸ் வரம்பு) 20க்கு மேல் போகாதீர்கள். அப்புறம் ஏதாவது கோளாறு வந்தால் உலாவியில் வரும் பிழை எண்ணைப் பார்த்தே இடத்தைக் கண்டுபிடிக்கலாம். அப்பாச்சி எஃப்பிஎம்மைத் தொடவே முடியாவிட்டால் 503. என்ஜின்எக்ஸில் அதே நிலைமைக்கு 502. 504 என்றால் எஃப்பிஎம் உயிரோடு இருக்கிறது, ஆனால் பதில் வர நேரமாகிறது. பெரும்பாலும் மைஎஸ்கியூஎல்லில் ஏதோ சிக்கியிருக்கும். என்ஜின்எக்ஸில் கடைப் பையன் பொருள் படம் ஏற்றும்போது 413 வந்தால் யாரையும் திட்ட வேண்டாம். அதன் அப்லோட் வரம்பு, நாம் சொல்லாவிட்டால், 1 எம்பிதான்.

லாக் விஷயம். உபுண்டுவில் அப்பாச்சி லாக் 14 நாள்தான் இருக்கும், பழையது அழிந்துவிடும். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் 28 உத்தரவுப்படி நிறுவனங்கள் 180 நாள் லாக் வைத்திருக்க வேண்டும், பாதுகாப்புச் சம்பவம் நடந்தால் 6 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும். பழைய லாக்கை அழிக்கும் லாக்ரொட்டேட்டின் கான்ஃபிக்கில் 14ஐ 180 ஆக்குங்கள். சுருக்கி வைத்தால் பெரிய இடம் பிடிக்காது. டிஸ்க் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று மட்டும் அவ்வப்போது பாருங்கள்.

பாலக்கரை | 24 ஜூலை, காலை 8:05

அண்ணா, எங்கள் ஆடிட்டர் அனுப்பிய பாதுகாப்பு ஸ்கேன் அறிக்கையில் "அப்பாச்சி பழைய பதிப்பு, அபாயம்" என்று சிவப்பில் வருகிறது. சமீபத்தியதை மூலக்குறியீட்டிலிருந்து கம்பைல் செய்து போடலாமா?

ராத்திரிக்காவல் | 24 ஜூலை, காலை 8:50

வேண்டாம். உபுண்டுவும் டெபியனும் பதிப்பு எண்ணை மாற்றாமலே பாதுகாப்புத் திருத்தங்களைப் பழைய பதிப்புக்குள் கொண்டுவந்துவிடுவார்கள். ஸ்கேனர் வெளியில் தெரியும் எண்ணைப் பார்த்துக் கூச்சல் போடுகிறது. பேக்கேஜின் மாற்றப் பட்டியலில் அந்த ஓட்டையின் சிவிஇ எண் (பாதுகாப்பு ஓட்டைக்குத் தரும் பொது அடையாள எண்) இருப்பதைக் காட்டினால் ஆடிட்டர் அடங்கிவிடுவார்.

2021 அக்டோபரில் என்ன நடந்தது தெரியுமா? 2.4.49இல் ஒரு ஓட்டை, வெளியிலிருந்து சர்வரின் ஃபைல்களைப் படிக்கலாம். அடைத்ததாக 2.4.50 வந்தது, சரியாக அடைபடவில்லை, சில நாளில் 2.4.51 வந்தது. ஓட்டையே 2.4.49இல்தான் நுழைந்தது. பழைய பதிப்பில் நிதானமாக உட்கார்ந்திருந்தவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். முந்திரிக்கொட்டை மாதிரி புதியதைக் கம்பைல் செய்து போட்டவர்கள்தான் அடுத்தடுத்து இரண்டு தடவை ஓடினார்கள். தானியங்கிப் பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் எப்போதும் திறந்து வையுங்கள்.

நூல்கண்டு | 4 ஆகஸ்ட் 2025, இரவு 8:30

ஆடிப்பெருக்கு முடிந்தது. கணக்கு ஒப்படைக்கிறேன்.

புது விபிஎஸ்ஸும் 4 ஜிபிதான். உபுண்டு 24.04, அப்பாச்சி ஈவென்ட், எஃப்பிஎம் 20, ஒரு கேஷ் பிளக்இன். டாட் எச்டிஅக்சஸ் தேடினேன், அக்கா பதினான்கு என்றார், எனக்குப் பதினொன்று கிடைத்தது. ஒன்றுக்குள் பிஎச்பி_வேல்யூ வரி. எடுத்துவிட்டேன். பழைய பேக்அப் ஒன்று வெப் ரூட்டுக்குள்ளேயே 2022இலிருந்து கிடந்தது, வயிற்றைக் கலக்கியது, அழித்துவிட்டேன்.

அலுவலகக் கணினியிலிருந்து சோதனை வைத்துப் பார்த்ததில் கேஷில் உள்ள பக்கங்களுக்கு சர்வர் அசையவே இல்லை. செக்அவுட்தான் திணறியது.

அப்புறம், வாட்ஸ்அப் அனுப்பும் பெண்ணிடம் 6,000 பேருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாமல் ஆயிரம் ஆயிரமாகப் பத்து நிமிட இடைவெளியில் அனுப்பச் சொன்னேன். "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார். உண்மையில் பாதிச் சுமை அதிலேயே போயிருக்கும் என்று தோன்றுகிறது.

நேற்று தளம் விழவில்லை. இரண்டு பேர் பணம் கட்டியும் ஆர்டர் "நிலுவையில்" என்று நின்றது. என்ன காரணம்?

அரைஞாண் | 4 ஆகஸ்ட், இரவு 9:02

பேமென்ட் கேட்வே உங்கள் சர்வரைக் கூப்பிட்டுப் "பணம் வந்துவிட்டது" என்று சொல்லும் அழைப்பு தோற்றிருக்கும். ஆக்சஸ் லாக்கில் அந்த நேரத்தில் அந்த அழைப்பு வரும் வெப்ஹூக் முகவரிக்கு என்ன எண் போயிருக்கிறது என்று பாருங்கள். 200 இல்லாமல் 403 என்றால் உங்கள் பாதுகாப்பு பிளக்இன் தடுத்திருக்கிறது. 504 என்றால் 20 பிஎச்பியும் பிஸி.

நூல்கண்டு | 4 ஆகஸ்ட், இரவு 9:41

403. பாதுகாப்பு பிளக்இன்தான். அந்த முகவரிக்கு மட்டும் விலக்கு கொடுத்துவிட்டேன், இரண்டு ஆர்டரையும் கையால் சரி செய்தாயிற்று. நன்றி அண்ணா.

வேகராஜா | 4 ஆகஸ்ட், இரவு 10:10

எல்லாம் சரி. கடைசி வரைக்கும் என்ஜின்எக்ஸ் போடவே இல்லையா?

நூல்கண்டு | 4 ஆகஸ்ட், இரவு 10:14

தீபாவளி முடியட்டும் அண்ணா. அதுவரைக்கும் அந்த சர்வர் பக்கம் போனால் கையை ஒடித்துவிடுவேன் என்று மாமா சொல்லியிருக்கிறார்.